மாதாவுக்கும் மீட்பர் வேண்டுமா? வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் 8 அமலோற்பவ மாதா திருநாள் நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி, மரியாள் பாவமே இல்லாதவரா என்ற ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். அரசியல் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் ஆர்.சி. (கத்தோலிக்க) குடும்பத்தில் பிறந்து சி.எஸ்.ஐ. (புரோட்டஸ்டண்ட்) குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். "மரியாளும் நம்மை மாதிரிப் பாவிதான், அவங்களே 'என் இரட்சகர்'னுதானே பாடியிருக்காங்க" என்று மாமியார் சொல்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. மாதா பாவமே இல்லாதவர் என்றால் அவருக்கு எதற்கு இரட்சகர்?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

உங்கள் மாமியார் சொல்வது லூக்கா 1:47. "என் ஆவி என் இரட்சகராகிய தேவனில் களிகூருகிறது." நல்ல வசனத்தைத்தான் பிடித்திருக்கிறார், ஆனால் அதை வைத்துக் கத்தோலிக்கரை மடக்க முடியாது. ஏனென்றால் மரியாளுக்கு மீட்பர் தேவையில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபை சொல்லவே இல்லை. 1854 டிசம்பர் 8 அன்று பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) அமலோற்பவத்தை விசுவாச சத்தியமாக அறிவித்தபோது, மரியாள் தன் தாயின் வயிற்றில் உற்பவித்த (கருவான) முதல் கணத்திலிருந்தே ஜென்மப் பாவத்தின் (ஆதாமிடமிருந்து எல்லாருக்கும் பிறவியிலேயே வரும் பாவம்) மாசு எதுவும் படாமல் காக்கப்பட்டார் என்றார். அது எப்படி நடந்தது என்பதற்கு, "மனுக்குலத்தின் மீட்பரான இயேசு கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டு" என்ற பொருளில் ஒரு வரியையும் அதே வாக்கியத்தில் சேர்த்திருந்தார். ஆர்.சி.காரர்களே பெரும்பாலும் இந்த வரியை விட்டுவிட்டுத்தான் வாதாடுகிறார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கிணற்றில் விழுந்தவனைக் கயிறு போட்டுத் தூக்குவதும் காப்பாற்றுவதுதான், விழப்போகிறவனைக் கையைப் பிடித்து நிறுத்துவதும் காப்பாற்றுவதுதான். மரியாளுக்கு நடந்தது இரண்டாவது வகை என்பது கத்தோலிக்க வாதம். நிறுத்தப்பட்டவனும் தன்னை நிறுத்தியவரை "என்னைக் காப்பாற்றியவர்" என்று சொல்லலாம் அல்லவா? சிலுவை மரணம் நடப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அதன் பலன் எப்படிக் கிடைக்கும் என்று கேட்டால், ஆபிரகாமுக்கும் மோசேக்கும் எப்படிக் கிடைத்ததோ அப்படித்தான் என்பார்கள். சீர்திருத்த சபைக்காரர்களும் பழைய ஏற்பாட்டுப் பரிசுத்தவான்கள் கிறிஸ்துவால்தான் மீட்கப்பட்டார்கள் என்று நம்புவதால், அந்த இடத்தில் பெரிதாகச் சண்டை போட முடியாது.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடுகிறேன். அமலோற்பவம் என்றால் இயேசு கன்னியிடம் பிறந்தது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அமலா என்றும் அமலோற்பவம் என்றும் பெயர் வைத்திருப்பவர்கள் உட்பட. அது வேறு. கன்னிப் பிறப்பை உங்கள் இரண்டு வீட்டாரும் விசுவாசப் பிரமாணத்தில் சேர்ந்தே சொல்கிறீர்கள். அமலோற்பவம் மரியாள் தன் தாய் அன்னம்மாள் வயிற்றில் உருவானதைப் பற்றியது. அன்னம்மாளும் சுவக்கினும் வழக்கமான தம்பதிகள், குழந்தை உருவானதும் வழக்கமான முறையில்தான். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் என்று வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறார்களே, அதிலிருந்து ஒன்பது மாதம் பின்னால் எண்ணுங்கள், டிசம்பர் 8 வரும். அந்த இரண்டு பெற்றோரின் பெயர்களும் பைபிளில் கிடையாது, யாக்கோபின் பெயரில் வழங்கும் இரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து வந்தவை. மாமியார் அதையும் கேட்பார், தயாராக இருங்கள்.

"எல்லாரும் பாவஞ்செய்து, தேவமகிமையற்றவர்களாகி" என்று ரோமர் 3:23 சொல்கிறது. எல்லாரும் என்றால் எல்லாரும்தானே? இதற்கு மேல் என்ன விவாதம்?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

இது பலமான வாதம் போலத் தெரியும், உள்ளே போனால் அவ்வளவு பலமில்லை. "எல்லாரும்" என்றால் விதிவிலக்கே இல்லாமல் எல்லாரும் என்று எடுத்தால் இயேசுவும் அதில் வந்துவிடுவார். அவர் மனிதராகவும் இருந்தார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிறந்த அன்றே இறந்துபோன குழந்தை என்ன பாவம் செய்தது என்ற கேள்வியும் இருக்கிறது. பவுல் அந்த அதிகாரத்தில் யூதர், புறஜாதியார் என்ற இரண்டு கூட்டத்தையும் ஒரே தட்டில் நிறுத்துகிறார், தனி ஆட்களைக் கணக்கெடுக்கவில்லை. மரியாள் குழந்தை பெற்றபின் தேவாலயத்தில் இரண்டு பறவைகளைப் பலி கொடுத்தார், அதில் ஒன்று லேவியராகமத்தின்படி பாவநிவாரண பலி, ஆகவே அவர் பாவி என்று சொல்வதும் இதே ரகம்தான். பிள்ளை பெறுவது பாவமா என்ன? அது சடங்குத் தூய்மை சம்பந்தப்பட்டது, அப்புறம் மனந்திரும்புதலுக்கான யோவானின் ஞானஸ்நானத்தை இயேசுவும்தான் பெற்றுக்கொண்டார்.

ஆனால் உங்கள் பக்கம் உண்மையிலேயே பலமான வாதம் ஒன்று இருக்கிறது, அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இயேசுவின் விதிவிலக்கைப் பைபிள் வெளிப்படையாகச் சொல்கிறது: எபிரெயர் 4:15, 2 கொரிந்தியர் 5:21, 1 பேதுரு 2:22. மரியாளுக்கு அப்படி ஒரு வசனம் எங்கே? பொதுவிதிக்கு விலக்கு உண்டு என்று சொல்பவர்தானே ஆதாரம் காட்ட வேண்டும்.

அங்கே கத்தோலிக்கர் லூக்கா 1:28-ஐக் காட்டுவார்கள், "அருள் நிறைந்த மரியே" என்று. எனக்கு அது அவர்களுடைய பலவீனமான வாதமாகவே படுகிறது. வானதூதர் சொன்ன கிரேக்கச் சொல்லுக்கு அருள் பெற்றவர் என்பதுதான் பொருள், கத்தோலிக்கரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்திலேயே "அருள்மிகப் பெற்றவரே" என்றுதான் இருக்கிறது, அதே வினைச்சொல்லை எபேசியர் 1:6 எல்லா விசுவாசிகளுக்கும் பயன்படுத்துகிறது. ஒரு வாழ்த்துச் சொல்லிலிருந்து உற்பவித்த கணம் வரைக்கும் போவது ரொம்ப தூரப் பயணம். விவரம் தெரிந்த கத்தோலிக்க இறையியலாளர்களும் இந்த வசனம் மட்டும் தனியாக இதை நிரூபிக்கிறது என்று சொல்வதில்லை. மரபோடு சேர்த்துப் படித்தால் பொருந்துகிறது என்றுதான் சொல்வார்கள்.

புனித தாமஸ் அக்குவினாஸே அமலோற்பவத்தை ஏற்கவில்லை என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கத்தோலிக்கத்தின் பெரிய அறிஞரே மறுத்திருப்பாரா? இது புரளியா?
- ஒரு வாசகர், திருச்சி

புரளி இல்லை. இந்தக் கதையில் மிகச் சுவாரசியமான பகுதியே இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மரியாள் உற்பவித்ததைத் திருநாளாகக் கொண்டாடும் வழக்கம் கிழக்கே தொடங்கி, இங்கிலாந்து வழியாக 12ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்குள் வந்தது. லியோன் நகரப் பேராலயக் குருக்கள் அதை ஆரம்பித்தபோது கடுமையாக எதிர்த்துக் கடிதம் எழுதியவர் கிளேர்வோ பெர்நார்து. மாதா பக்தியில் அவருக்கு மேல் ஆளே கிடையாது என்று பெயர் எடுத்தவர். அவரே இது திருச்சபையின் மரபில் இல்லாத புதுமை, வேண்டாம் என்றார்.

அடுத்த நூற்றாண்டில் வந்த தாமஸ் அக்குவினாஸின் (இறப்பு 1274) கணக்கு இப்படி: மரியாளின் ஆன்மா ஜென்மப் பாவத்தால் ஒருபோதும் தீண்டப்படவே இல்லை என்றால், கிறிஸ்து எல்லாருக்கும் மீட்பர் என்ற பெருமை குறைந்துபோகும். எனவே அவர் பாவத்தோடு உற்பவித்து, பிறப்பதற்கு முன் தாயின் வயிற்றிலேயே புனிதப்படுத்தப்பட்டார். எரேமியாவும் யோவான் ஸ்நானகரும் கருவிலேயே புனிதமானார்கள் என்று பைபிள் சொல்லும்போது மரியாளுக்கு அதைவிடக் கூடுதலாகத்தானே கிடைத்திருக்கும் என்பது அவர் நியாயம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வீடியோ அதைச் சொல்லியிருக்காது என்று நினைக்கிறேன். பிறந்தபின் மரியாள் சாவான (பெரிய) பாவமோ அற்பப் (சிறிய) பாவமோ எதுவுமே செய்யவில்லை என்பதில் தாமஸுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஜென்மப் பாவம் வேறு, தானாகச் செய்யும் பாவம் வேறு. அவர் தயங்கியது முதலாவதில் மட்டும்தான்.

முடிச்சை அவிழ்த்தவர் டன்ஸ் ஸ்கோட்டஸ் (இறப்பு 1308), பிரான்சிஸ்கன் துறவி. தாமஸின் வாதத்தையே அவர் தலைகீழாகத் திருப்பிப்போட்டார்: கிறிஸ்து முழுமையான மீட்பர் என்றால் விழுந்தபின் தூக்குவதோடு நிற்காமல் ஒருவரையாவது விழாமலே காத்திருக்க வேண்டும், அப்படிக் காக்கப்பட்டவர்தான் மற்ற எல்லாரையும்விட அதிகமாக அவருக்குக் கடன்பட்டவர். என் பார்வையில் இந்த முழு விவகாரத்திலும் கத்தோலிக்கத் தரப்பின் மிகப் பலமான வாதம் இது ஒன்றுதான். அதையும் அவர் அடித்துச் சொல்லவில்லை. எது நடந்தது என்பது கடவுளுக்குத்தான் தெரியும், வேதத்துக்கும் திருச்சபைக்கும் முரண்படாவிட்டால் உயர்ந்ததை மரியாளுக்குச் சொல்வது தகும் என்று பணிவாகவே எழுதினார்.

அதன்பின் பிரான்சிஸ்கன்கள் ஒரு கட்சி, தாமஸின் சபையான சாமிநாதர் சபை (தோமினிக்கன்கள்) எதிர்க்கட்சி. இருநூறு வருடம் அடித்துக்கொண்டார்கள், நம்மூர்க் கட்சிச் சண்டையெல்லாம் தோற்றுவிடும். 1483-இல் பாப்பரசர் நான்காம் சிக்ஸ்துஸ் தலையிட்டு, ஒருவரையொருவர் பதிதர் (திருச்சபைப் போதனைக்கு மாறானவர்) என்று திட்டக்கூடாது என்று தடைபோட வேண்டியிருந்தது. அவர் பிரான்சிஸ்கன், திருநாளுக்கு ஆதரவானவர், ஆனாலும் எதிர்த்தவர்களைப் பதிதர் ஆக்கவில்லை.

தடைக்குப் பிறகும் அடங்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் யெட்சர் என்ற தோமினிக்கன் சகோதரருக்கு மாதா காட்சி கொடுத்து, "நான் ஜென்மப் பாவத்தோடுதான் உற்பவித்தேன்" என்று சொன்னதாக ஒரு செய்தி பரவியது. மாதாவே வந்து எங்கள் கட்சிதான் சரி என்று சொல்லிவிட்டார் என்றால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். காட்சி மோசடி என்று விசாரணையில் முடிவாகி, 1509-இல் அந்த மடத்தின் தலைவர் உட்பட நான்கு தோமினிக்கன் துறவிகளை உயிரோடு எரித்தார்கள். யெட்சர் தப்பிவிட்டார். உண்மையில் ஏமாற்றியது துறவிகளா, யெட்சரே தானா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். லூத்தர் தன் 95 கருத்துகளை வெளியிட்டுப் புரோட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்க இன்னும் எட்டு வருடம் இருந்த நேரம் இது. புரோட்டஸ்டண்ட் என்று ஒரு ஆள்கூட இல்லாத காலத்தில், கத்தோலிக்கருக்குள்ளேயே நடந்த சண்டை.

கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம்கூட 1546-இல் ஜென்மப் பாவம் பற்றித் தீர்மானம் போட்டுவிட்டு, இதில் மரியாளைச் சேர்க்கும் நோக்கம் எங்களுக்கு இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது. இறுதி முடிவு 1854-இல்தான்.

இயேசு பாவமில்லாமல் பிறக்க மரியாள் பாவமில்லாமல் இருக்க வேண்டும் என்றால், மரியாளின் அம்மாவும் பாட்டியும் அப்படி இருந்திருக்க வேண்டாமா?
- ஒரு கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, இதே கேள்வியைப் பெர்நார்து 12ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார். அப்படிப் பார்த்தால் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் என்று திருநாள் எண்ணிக்கைக்கு முடிவே இருக்காது என்று கிண்டலாகவே எழுதினார். பதில் என்னவென்றால், மரியாள் அப்படி இருந்தால்தான் இயேசு பாவமின்றிப் பிறக்க முடியும் என்று கத்தோலிக்கக் கோட்பாடு சொல்லவில்லை. கடவுள் வேறு விதமாகவும் செய்திருக்கலாம், ஆனால் இப்படிச் செய்வது பொருத்தமாக இருந்தது என்பதுதான் வாதம். பொருத்தமாக இருந்தது என்பதாலேயே அது நடந்துவிட்டது என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டீர்களானால், அது நியாயமான கேள்வி, பல புரோட்டஸ்டண்ட் இறையியலாளர்கள் கேட்பதும் அதுதான்.

மார்ட்டின் லூத்தர் மாதா பக்தர் என்கிறார்களே, உண்மையா? மற்ற சீர்திருத்தவாதிகள்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

லூத்தரை இரண்டு பக்கமும் தங்களுக்கு வேண்டிய அளவுக்கு வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள். 1521-இல் மரியாளின் பாடலுக்கு அவர் எழுதிய விளக்கவுரை மரியாளைப் பற்றிய அழகான எழுத்துகளில் ஒன்று, ஆனால் அதன் சாரமே தகுதி ஏதும் இல்லாத ஒரு ஏழைப் பெண்ணைக் கடவுள் கண்ணோக்கினார் என்பதுதான். 1527-இல் உற்பவத் திருநாள் பிரசங்கத்தில், கருவுக்குள் ஆன்மா ஊதப்பட்ட நேரத்தில் மரியாள் ஜென்மப் பாவத்திலிருந்து தூய்மையாக்கப்பட்டார் என்று பேசியிருக்கிறார். பிற்காலப் பதிப்புகளில் அந்தப் பகுதி இல்லை. பின்னாளில் அவர் அழுத்தம் கொடுத்தது இயேசு உற்பவித்த நேரத்தில் நடந்த தூய்மைக்குத்தான். மனிதர் ஒரே நிலையில் நிற்கவில்லை. இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினிடம் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. பிரசங்கத்தின் நடுவே இயேசுவைப் பார்க்க மரியாள் வந்து நின்றது தவறு என்று மத்தேயு 12-க்கான உரையில் நேரடியாகவே எழுதிவிட்டார். ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் 15ஆவது விதியின் தலைப்பே கிறிஸ்து ஒருவரே பாவமற்றவர் என்பது. 1947-இல் சி.எஸ்.ஐ. உருவானபோது அதில் இணைந்தவற்றில் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்று என்பதால், தூத்துக்குடி மாமியாரின் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மாற்கு 3-இல் இயேசுவுக்குப் புத்தி மயங்கிவிட்டது என்று குடும்பத்தார் பிடிக்க வந்தார்கள், கானாவூரில் "ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன" என்று அவரே சொன்னார். இதெல்லாம் மரியாள் தவறு செய்ததற்கு அடையாளம் இல்லையா?
- ஒரு போதகர், பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்

ஐயா, இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள் இல்லை, கால்வினும் இல்லை. நான்காம் நூற்றாண்டின் பெரும் பிரசங்கி ஜான் கிறிசோஸ்தோம், கத்தோலிக்கர் புனிதராகவும் மறைவல்லுநராகவும் வணங்குகிறவர், மத்தேயு 12-ஐ விளக்கும்போது மகன்மேல் தனக்கு இருக்கும் அதிகாரத்தைக் கூட்டத்துக்குக் காட்ட மரியாள் ஆசைப்பட்டார் என்றே சொல்லியிருக்கிறார். மரியாளின் உள்ளத்தை ஊடுருவும் என்று சிமியோன் சொன்ன வாள் (லூக்கா 2:35) சிலுவையின் கீழ் மரியாளுக்கு வந்த சந்தேகம் என்று அவருக்கும் முன்பே ஆதித் திருச்சபை அறிஞர் ஒரிஜன் விளக்கினார். எனவே ஆதித் திருச்சபை முழுவதும் ஒரே குரலில் பேசியது என்று கத்தோலிக்கர் சொன்னால் அது சரியில்லை. தாமஸ் அக்குவினாஸ் கிறிசோஸ்தோமின் வார்த்தைகளைத் தானே எடுத்துப்போட்டுவிட்டு, இங்கே அவர் அளவு மீறிவிட்டார் என்று கடந்துபோகிறார். எனக்குப் பிடித்த பதில் அது, சுற்றிவளைப்பே இல்லை.

மறுபக்கம் அகுஸ்தினார். 415 வாக்கில், மனிதன் தன் முயற்சியாலேயே பாவமில்லாமல் வாழலாம் என்ற பெலாஜியஸை எதிர்த்து, பாவமில்லாத மனிதனே இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியவர், பாவத்தைப் பற்றிப் பேசும்போது ஆண்டவரின் மகிமையை முன்னிட்டு மரியாளைப் பற்றி எந்தக் கேள்வியும் எழுப்ப விரும்பவில்லை என்று ஒதுக்கிவைத்தார். அவர் ஜென்மப் பாவத்தையும் சேர்த்துச் சொன்னாரா என்பது இன்னும் தீராத வழக்கு.

நீங்கள் காட்டிய வசனங்களைப் பொறுத்தவரை என் கருத்து: புரியாமல் இருப்பது பாவமில்லை. கோவிலில் பிள்ளையைக் காணாமல் தேடி, "மகனே, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்" என்று கேட்டதை எந்தத் தாயும் குற்றம் என்று சொல்லமாட்டார். மாற்கு 3:21 கொஞ்சம் கஷ்டமான வசனம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்தக் கூட்டத்தில் மரியாள் என்ன நினைத்தார் என்று மாற்கு எழுதவில்லை.

ஆர்த்தடாக்ஸ் சபைகள் இதில் எந்தப் பக்கம்?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இரண்டும் இல்லாத பக்கம். மரியாளைப் பனகியா, அதாவது முழுதும் பரிசுத்தமானவர் என்று கத்தோலிக்கரைவிட உயர்வாகவே பாடுவார்கள், ஆனால் 1854 அறிவிப்பை ஏற்பதில்லை. ஆதாமின் குற்றமே நமக்கு வந்து சேர்கிறது என்ற அகுஸ்தினார் வழி விளக்கத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நமக்கு வந்தது மரணமும் பலவீனமும் என்பார்கள். நோயே வேறு என்றபின் இந்த மருந்து எதற்கு என்று கேட்கிறார்கள்.

ஒரு கத்தோலிக்கர் மற்ற எல்லாவற்றையும் நம்பி, இதை மட்டும் நம்பாமல் இருக்கலாமா?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

சட்டப்படி முடியாது. 1854 ஆவணம், மனதுக்குள் வேறுவிதமாக நினைப்பவர்கள்கூட விசுவாசத்தில் கப்பல் சேதமானவர்கள் என்று கடுமையாகவே சொல்கிறது. 1274-இல் இறந்த தாமஸ் மறுக்கலாம், 1855-இல் ஒரு பங்குக் குரு மறுக்க முடியாது. உண்மையான முட்டுக்கட்டை இங்கேதான் இருக்கிறது. மரியாள் பாவமற்றவர் என்று ஒரு புரோட்டஸ்டண்ட் தன் மனதுக்குள் நம்பிக்கொள்வதில் அவருடைய சபைக்கு ஒரு நஷ்டமும் இல்லை, லூத்தரே ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படி நம்பினார். பைபிளில் வெளிப்படையாக இல்லாத ஒன்றை நம்பியே ஆக வேண்டும் என்று ஒருவர் கட்டளையிடலாமா என்பதில்தான் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். 2005-இல் வெளியான ஆங்கிலிக்கன் கத்தோலிக்கக் கூட்டு அறிக்கை, கிறிஸ்துவின் மீட்பு மரியாளின் ஆரம்ப கணம் வரைக்கும் எட்டியது என்ற போதனை வேதத்துக்கு முரணானதில்லை என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் நாளைக்கு இரண்டு சபைகளும் ஒன்றானால் 1854 அறிவிப்பை ஆங்கிலிக்கன்கள் ஏற்றே தீர வேண்டுமா என்ற இடத்தில் அந்த அறிக்கையும் கேள்விக்குறிதான் போட்டது.

குர்ஆனிலும் மரியாள் பாவமற்றவர் என்று இருக்கிறதாமே?
- ஒரு வாசகி, காயல்பட்டினம்

மர்யமின் தாய், தன் மகளையும் அவள் சந்ததியையும் ஷைத்தானிடமிருந்து காக்கும்படி இறைவனிடம் வேண்டுவது மூன்றாம் அத்தியாயம் 36ஆம் வசனத்தில் இருக்கிறது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் ஷைத்தான் தீண்டுகிறான், மர்யமையும் அவர் மகனையும் தவிர என்று புகாரி தொகுப்பில் ஒரு ஹதீஸும் (நபிமொழி) உண்டு. ஆனால் இஸ்லாத்தில் ஜென்மப் பாவம் என்ற கருத்தே கிடையாது, எல்லாக் குழந்தைகளும் தூய்மையாகவே பிறக்கின்றன. அதனால் இதை அமலோற்பவத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு போய் யாரிடமும் வாதாட வேண்டாம், உங்கள் ஊர் ஆலிம் சிரிப்பார்.